லூசியாபுரம் சார்பாக

இன்னும் எங்கள் ஊரைக் கூப்பிடவில்லை. மைக்கில் ஒருவர் உலக நாடுகள் எல்லாம் நம்மைத் திரும்பிப் பார்க்கின்றன என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், பார்க்கட்டும், எனக்கு இந்த நாற்காலியின் கால் ஆடுகிறது, கொஞ்சம் சாய்ந்தால் பின்னால் இருக்கிற தொம்மை மாமா மடியில்தான் போய் விழ வேண்டும். கல்யாண மண்டபம். போன வாரம் யாருக்கோ கல்யாணம் நடந்திருக்கிறது, தெர்மாகோல் மயில் ஒன்று இன்னும் மேடையில் நிற்கிறது, அதற்கு முன்னால் நீள மேஜை, வெள்ளைத் துணி, அதன் பின்னால் டெல்லியிலிருந்து வந்த குழு. நடுவில் இருக்கிறவர்தான் தலைவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டுகிறார், மயிலின் தோகை சரியாக அவர் தலைக்குப் பின்னால் விரிந்திருக்கிறது, சிரித்துவிடக்கூடாது என்று நான் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் இதுதான்: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அரசாங்க ராக்கெட் ஏவுதளத்தை அடுத்து என்ன செய்வது. இப்போது போகிறதெல்லாம் சின்ன ராக்கெட். இன்னொரு மேடை கட்டிப் பெரிய ராக்கெட் விடலாமா, மனுஷனை ஏற்றி அனுப்பலாமா, அதற்கு அவ்வளவு பணம் கொட்டலாமா, இல்லை சின்னதே போதுமா, இல்லை எல்லாவற்றையும் தனியார் கம்பெனிக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளலாமா. சுற்று வட்டாரத்தில் ஊருக்கு ஒருவர் பேச வேண்டும். ஆதரவு, எதிர்ப்பு, இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். லூசியாபுரம் சார்பாக நான். பேசப் பயமா என்றால் பயம் இல்லை. என்ன பேசுவது என்பதுதான் இன்னும் தெரியவில்லை, அதுவும் பொய், என்ன பேச வேண்டும் என்று ஊரே சொல்லி அனுப்பியிருக்கிறது, அதைப் பேசுவேனா என்பதுதான் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள், மாவட்டம் வரைக்கும் போய் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கி வந்தவள். இப்போது பள்ளிக்கூடம் இல்லை, ப்ளஸ் டூ பாதியில் நின்றுவிட்டேன், இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறேன், ஐஸ் தண்ணீரில் விரல் நுனி எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, படிப்பு நின்றாலும் வாய் நிற்கவில்லை என்று ஊரில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம். உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், கெட்ட வார்த்தைகூடப் பேசலாம், ஆனால் மணி அடித்து முடிவு சொல்லிவிட்டால் வெளியாள் முன்னால் எல்லோருக்கும் ஒரே வாய்தான். கலெக்டர் ஆபீசில் ஒரு தடவை வின்சி அண்ணன் மாற்றிப் பேசிவிட்டு வந்தார், அந்த சீசன் முழுக்க அவர் படகைத் தள்ளிவிட ஒரு ஆள் கை கொடுக்கவில்லை, அவர் பெண்டாட்டி தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். முடிவு: எதிர்ப்பு. தொம்மை மாமாதான் ஊர்த் தலைவர். "ஏட்டி ஜோஸ்லின், மூணே மூணு விசயம். ஒண்ணு, ராக்கெட்டு சத்தத்துல மீன் எல்லாம் ஓடிப்போச்சு. ரெண்டு, ராக்கெட்டு விடுத அன்னைக்குக் கடல மூடுதாவ. மூணு, அத்தனை சாட்டிலைட்டு வச்சிருந்தும் புயல் செய்தி லேட்டாத்தான் வந்துச்சு, எங்க பிள்ளை செத்துப்போனான். மூணாவதச் சொல்லும்போது அத்தையப் பாத்துக் கையக் காட்டு. வேற எதுவும் உன் மண்டையில இருந்து எடுத்து விட்றாத." சத்தத்தில் மீன் ஓடுகிறதாம். மீனை யார் ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தொம்மை மாமாவின் விசைப்படகு இரண்டும் ஜோடி சேர்ந்து இழுக்கிற வலை, அரசாங்கம் தடை செய்த வலை, குஞ்சு குருமான் ஒன்று மிஞ்சாது, அதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ராக்கெட் மேல் பாசமும் இல்லை கோபமும் இல்லை. போகும்போது மொட்டை மாடியில் நின்று பார்ப்பேன். நெஞ்செலும்பு அதிரும், அடுப்படியில் சட்டி பானை எல்லாம் கிணுகிணுக்கும், நாய்கள் கட்டிலுக்கு அடியில் ஓடும், அப்புறம் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு கோணல்மாணலாகக் கலைந்துகொண்டிருக்கும். நன்றாகத்தான் இருக்கும். இல்லை என்று சொன்னால் பொய்.

முன் வரிசையில் ராக்கினி அத்தை. அப்பாவுக்கு அக்கா. கறுப்புக் கரை போட்ட சேலை, தலையில் முக்காடு, கோயிலுக்கு வந்த மாதிரி நேராக உட்கார்ந்திருக்கிறார். செத்துப்போனது அவருடைய பிள்ளை, அம்புரோஸ் மச்சான். அத்தையைக் காட்டுவதற்காகவே வேனில் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா. மண்டபத்துக்காரர்கள் கொடுத்த பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருக்கிறார், அது வேர்வையில் ஊறிப் பிய்கிறது. மைக்கில் ஆள் மாறிவிட்டது. இப்போது பரோட்டாக் கடைக்காரர். "ராக்கெட் விடுத அன்னைக்குத்தான் எனக்கு யாவாரம், பஸ்ஸு பஸ்ஸா ஆள் வாராவ, பெரிய ராக்கெட்டுன்னா பெரிய கூட்டம், நான் முழு ஆதரவு" என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அவர் ஒருவர்தான் இதுவரை உள்ளதைச் சொன்னவர். அவருக்கு அடுத்து விவசாய சங்கத்துக்காரர், எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க டாக்டர் இல்லை, சந்திரனில் யாருக்குப் பிரசவம் என்று கேட்கிறார், அதற்கும் கைதட்டு. பக்கத்தில் ஒரு அதிகாரி எல்லாவற்றையும் தலைவருக்கு மொழிபெயர்க்கிறார். பரோட்டாவை எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியவில்லை, தலைவர் தலையாட்டிக்கொண்டார். எனக்குப் புரியாதது ஒன்றுதான். ராக்கெட் விடுகிற அன்று கடலை மூடுகிறார்கள், மேலேயிருந்து கழன்று விழுகிற துண்டு படகு மேல் விழுந்துவிடக்கூடாது, சரி, நியாயம். ஆனால் சொன்ன நாளில் ராக்கெட் போனால்தானே. ஒரு வால்வு சரியில்லை, ஒத்திவைப்பு. காற்று சரியில்லை, ஒத்திவைப்பு. ஒத்திவைத்தால் மறுநாளும் மூடல், அதற்கு மறுநாளும் மூடல். அவசரப்படாமல் பொறுமை காத்தார்கள் என்று டிவியில் புகழ்வார்கள். ராக்கெட் பொறுமையாக இருக்கும், அதற்குப் பசிக்காது. கரையில் படகுகள் வரிசையாக மல்லாந்து கிடக்கும், ஆண்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் சீட்டாடி, ஆடச் சலித்து, ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டு. அன்றைக்கும் அப்படித்தான். நாலாவது தடவையாக ஒத்திவைத்துவிட்டு, இந்த மாதம் ராக்கெட் இல்லை, கடலுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். சொன்ன மறுநாள் விடியற்காலை. அந்த விடியற்காலைக்குத்தான் நான் எங்கே சுற்றினாலும் வந்து நிற்கிறேன்.

அப்பாவின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. எப்போதும் மறந்துவிட்டுத்தான் போவார். டிங் என்றது, எடுத்துப் பார்த்தேன், மீன்துறைச் செய்தி, காற்று பலமாக வீசும், கடலுக்குச் செல்ல வேண்டாம், சென்றவர்கள் திரும்பவும். கோயில் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டும். பங்குச் சாமியார் டவுனுக்குப் போயிருந்தார், ஒலிபெருக்கி அறைச் சாவி கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரிடம், உபதேசியார் எங்கே என்று தேடிப் பிடித்து அவர் மைக்கைத் தட்டி அலோ அலோ சொல்வதற்குள் படகுகள் எல்லாம் போய்விட்டன. அதனால் ஊருக்கு அது லேட். மற்றவர்கள் பக்கத்துக் கடலில்தான் நின்றார்கள், காற்று எழும்பியதும் அடித்துப் பிடித்துத் திரும்பிவிட்டார்கள். எங்கள் படகு மட்டும் தூரம் போயிருந்தது. ஊருக்கு லேட் என்பது உண்மை. ஆனால் நான் ஓடினேன். செருப்பு போடாமல், கையில் போனோடு, மீன் செதிள் குத்த குத்த ஓடினேன். மற்றப் படகுகள் எல்லாம் கிளம்பிவிட்டன, எங்கள் படகு மட்டும் தண்ணீரில் இறங்கி நின்றது, அப்பா இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு, மச்சான் மேலே என்ஜின் பக்கம். காத்து வருதாம்ப்பா, போகாதிய, செய்தி வந்திருக்கு என்று கத்தினேன். அப்பா திரும்பினார். வானத்தைப் பார்த்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, அதுதான் கோளாறு, ஒரு பொட்டு மேகம் இருந்திருக்கலாம். கையைத் தூக்கினார். அந்தக் கை. கேட்டுவிட்டது என்று தூக்கினாரா, வீட்டுக்குப் போ என்று தூக்கினாரா, சரி பார்த்துக்கொள்கிறேன் என்றா. நான் எத்தனையோ தடவை அந்தக் கையை இறக்கி இறக்கித் தூக்கிப் பார்த்துவிட்டேன். நான் இறால் உரிக்கும்போது தூக்குவார். சோறு வடிக்கும்போது தூக்குவார். அப்புறம் என்ஜின் சத்தம். அப்புறம் மத்தியானம் வந்த காற்றில் தகரம் எல்லாம் பறந்தது, மறுநாள் வேறு ஊர்ப் படகு அப்பாவை மட்டும் கூட்டிவந்தது, டீசல் கேனைக் கட்டிப்பிடித்தே கிடந்திருக்கிறார். மச்சானை அதற்கும் மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். அப்பா என்னிடம் எதையும் சொல்லாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அத்தையிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன், நான் அப்படிப்பட்டவள்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், என் மண்டைக்குள்தானே. மச்சானுக்கு என்னைக் கட்டுவது என்று பெரியவர்கள் பேசிவைத்திருந்தார்கள். என்னையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. எனக்கு விருப்பம் இல்லை. அடக்கம் முடிந்து வரும்போது, இனி அந்தப் பேச்சு இல்லை என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான். அதற்கப்புறம் எனக்குப் பரீட்சைக்கெல்லாம் போகப் பிடிக்கவில்லை, புத்தகத்தை விரித்தால் எரிச்சல் வந்தது, நின்றுவிட்டேன். அதனால் நின்றேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, சோம்பேறி என்று நினைத்துக்கொண்டார்கள், நினைக்கட்டும்.

மைக்கில் இப்போது ஏவுதளத்து அம்மா. காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் காகிதம் இல்லாமல் பேசுகிறார். ராக்கெட் என்பது வண்டிதான், அது ஏற்றிப்போகிற செயற்கைக்கோள்தான் காரியம், புயலை முன்கூட்டியே பார்ப்பது அதுதான், பெரிய ராக்கெட் இருந்தால் பெரிய செயற்கைக்கோள், இன்னும் துல்லியமாகச் சொல்லலாம் என்கிறார். "போன வருஷப் புயலுக்கும் எச்சரிக்கை உரிய நேரத்தில் இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டது." பின்னாலிருந்து தொம்மை மாமா என் காதருகே, "கிழிச்சாவ. நீ இதத்தான் பிடிக்கணும், கேட்டியா, லேட்டு லேட்டுன்னு ரெண்டு தடவ சொல்லு" என்கிறார், வாயில் வெற்றிலை வாசம். அந்த அம்மா சொல்வது சரி. எங்கள் வீட்டுக்கு உரிய நேரத்தில்தான் வந்தது. நாங்கள் கேட்காததுக்கு அவர் என்ன செய்வார். ஆனால் அவரும் பாதிதான் சொல்கிறார். வானத்திலிருந்து போகாதே என்று சொன்னது இவர்கள்தான், அதற்கு முந்தி போகவிடாமல் அத்தனை நாள் பூட்டி வைத்ததும் இவர்கள்தான். பூட்டைத் திறந்த மறுநாளே போகாதே என்றால் எவன் நிற்பான். அப்பா மீனுக்கு ஐஸ் வாங்கியாயிற்று, மச்சானுக்குக் கை துறுதுறுத்தது. இந்த இரண்டு பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு பேச்சு. சேர்த்துச் சொன்னால் அப்பா நடுவில் மாட்டுவார். அத்தை ஒவ்வொரு ஞாயிறும் கல்லறைக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வருவார், அப்பா எடுத்துக் கொடுக்கிற மீனை வாங்கிக்கொள்வார், ஒரே வாக்கியத்தைச் சொல்வார். "செய்தி கொஞ்சம் முன்னால வந்திருந்தா எம்பிள்ளை நின்னிருப்பான்." அப்பா அடுப்படிப் பக்கம் போய்விடுவார். நான் அம்மாவைப் பார்ப்பேன், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அன்று அம்மா அவள் தாய் வீட்டில் இருந்தாள். இது தெரிந்த உயிர் அப்பாவும் நானும்தான். இன்று நான் மைக்கில் லேட் என்று சொல்லிவிட்டால் அது ஊர்ப் பொய் இல்லை, என் பொய். ஊருக்கு அது உண்மை, என் வாயில் வந்தால் பொய், இது என்ன கொடுமை. அத்தைக்கு நேராகக் கையை வேறு காட்ட வேண்டும். சொல்லாவிட்டால்? வின்சி அண்ணன் கதைதான். அப்பாவின் இப்போதைய படகு கடனில் வாங்கிய படகு, தள்ளிவிட நாலு பேர் வேண்டும். அத்தை ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். வரவே மாட்டார். அந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டியதில்லை, ஆனால் வாசலில் யாரும் வராமல் இருப்பதை எப்படிப் பார்ப்பது. அப்பா திரும்பி என்னைப் பார்க்கிறார், நான் நினைப்பது கேட்டுவிட்டதோ. "தண்ணி குடிச்சிக்க" என்கிறார். அவ்வளவுதான். பாட்டிலை நீட்டுகிறார். பிஸ்கட் துணுக்கு ஒட்டியிருக்கிற கை. குடித்தேன். குரல் நடுங்கினால் எனக்குப் பிடிக்காது.

"லூசியாபுரம்" என்று கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்தால் நாற்காலி விழுந்தது, யாரோ சிரித்தார்கள், நிமிர்த்தவில்லை. மைக் மேடைக்குக் கீழே, முன் வரிசைக்கு நேராக. அத்தை இரண்டு எட்டில் இருக்கிறார். வணக்கம், லூசியாபுரம் சார்பா பேசுதேன் என்கிறேன், என் குரல் மண்டபத்தின் மூலைக்குப் போய் வேறு யாரோ பேசுகிற மாதிரி திரும்பி வருகிறது. சத்தத்துல மீன் ஓடுதான்னு எனக்குத் தெரியாது என்கிறேன். பின்னால் தொம்மை மாமா இருமுகிறார். கடல மூடுதது நெசம், சொன்ன நாள்ல விடாம மூடி மூடி வைக்கிய, அத யாரும் கணக்குல எடுக்கது இல்ல, ராக்கெட்டு போன நாளத்தான் எழுதிக்கிடுதிய, போகாத நாளும் எங்களுக்கு நாள்தான. மொழிபெயர்க்கிறவர் வேகமாகச் சொல்கிறார், தலைவர் ஏதோ கேட்கிறார், அவர் அதைத் தமிழில் சொல்கிறார். "உங்கள் ஊர் மனுவில் மூன்றாவதாகப் புயல் எச்சரிக்கை பற்றிப் புகார் இருக்கிறது. அது தாமதமாகத்தான் கிடைத்ததா?" ஏவுதளத்து அம்மா நிமிர்ந்து உட்காருகிறார். நான் அத்தையைப் பார்க்கவில்லை, மயிலைப் பார்க்கிறேன், மயிலுக்கு ஒரு கண் உதிர்ந்திருக்கிறது. ஊருக்கு லேட்டு என்கிறேன். எங்க வீட்டுக்கு இல்ல.

வாய் திறந்தாயிற்று, இனி மூட முடியாது. எங்க அப்பா போனுக்கு வந்துச்சு, நான் வாசிச்சேன், கரைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன், படகு இன்னும் கரைப்பக்கந்தான் நின்னுச்சு, கேட்டுட்டுத்தான் போனாவ. ஏன் போனாவன்னும் கேட்டுக்கிடுங்க என்கிறேன், அத்தன நாளு நீங்க கடலப் பூட்டி வச்சிய, திறந்துவிட்ட மறுநாளு சாட்டிலைட்டு போகாதங்குது, உங்க ராக்கெட்டுக்குக் காத்து சரியில்லன்னா நீங்க நிறுத்திக்கிடலாம், உங்களுக்கு அது முடியும், எங்க அப்பாவுக்கு முடியல. பெரிய ராக்கெட்டு வந்தா இன்னும் நாளு மூடுவிய. இதுக்கு என்ன வழின்னு சொல்லிட்டு அப்புறம் பணத்தப் போடுங்க. "ஆதரவா எதிர்ப்பா, ஒன்று சொல்லச் சொல்கிறார்" என்கிறார் மொழிபெயர்க்கிறவர். நான் வாயைத் திறக்கிறேன்.

"அவன் என்னட்டி சொன்னான்?"

அத்தை. எழுந்திருக்கவில்லை, இருந்த இடத்திலேயே, வீட்டில் கேட்கிற மாதிரி.

"யாரு அத்தை?"

"எம்பிள்ளை. நீ கத்துனியே. அதக் கேட்டுட்டு அவன் என்ன சொன்னான்?"

இத்தனை நாளும் நான் அப்பாவின் கையையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், மச்சான் பேசியதை எடுத்துப் பார்க்கவே இல்லை. ஆனால் இருக்கிறது, அப்படியே இருக்கிறது. மைக் என் வாய்க்கு முன்னால்தான் நிற்கிறது, நகர்த்தத் தோன்றவில்லை.

"அம்மைட்டச் சொல்லிராத, மத்தியானம் சோத்துக்கு வந்திருவேன்னு சொன்னாரு அத்தை."

மொழிபெயர்க்கிறவர் தலைவரைப் பார்க்கிறார். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறார். "சொல்லுவான்" என்கிறார். "அந்தப் பய அப்படித்தான் சொல்லுவான்." அப்புறம் நாற்காலியோடு திரும்புகிறார், கால் தரையில் கிறீச்சிடுகிறது, வரிசைகளைத் தாண்டி அப்பாவைத் தேடிப் பிடிக்கிறார்.

"ஏல கிளாரன்ஸ். நீ என்ன சொன்ன?"

அப்பா எழுந்துவிட்டார். தொம்மை மாமா அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், "உக்காருல, வெளியாளு இருக்காவ, ஊர்ல போய்ப் பேசிக்கிடலாம்". அப்பா உட்காரவில்லை. நான் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு நடக்கிறேன், நாலு எட்டில் வயர் இழுத்துப் பிடிக்கிறது, அதற்கு மேல் எட்டாது. அங்கேயே நின்று கையை நீட்டுகிறேன். மிச்ச தூரம் அப்பாதான் வர வேண்டும். வருகிறார்.